அரியாலைப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை

அரியாலையில் ஒரு பள்ளிக்கூட வேலியோரம் உப்பு வண்டியை நிறுத்துகிறேன். மாடும் களைத்துவிட்டது, நானும் களைத்துவிட்டேன்.

உள்ளே ஒரு தண்ணீர்ப் பானையைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக இருக்கிறார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பானையில் தண்ணீர் குடிக்கலாமா என்று வாத்தியார் கதைக்க விட்டிருக்கிறார்.

"முதல் மற்றப் பிள்ளை சொன்னதைச் சொல்லு. பிறகு உன்ரை நியாயத்தைச் சொல்லு," என்கிறார்.

"இதென்ன புதுப் பழக்கம்?" என்று வேலிக்கு மேலால் கேட்கிறேன்.

"இல்லாட்டி காணி பூமி உள்ள கமக்காரப் பிள்ளையள் மட்டும்தான் கதைக்குங்கள், அண்ணை," என்கிறார் வாத்தியார்.

மீன்காரர் வீட்டுப் பெட்டை தனக்கும் தாகம்தான் என்கிறாள். கமக்காரர் வீட்டுப் பெட்டை எழும்புகிறாள்.

"அவளுக்கும் தாகமாம். ஆனா ஒரே பானையில குடிச்சா என்ரை அம்மா அடிப்பா."

மற்றவள் உடனே சொல்கிறாள்: "அவளுக்கு அடி விழுமாம். எனக்கும் விழும், வாத்தியார்."

எல்லோரும் சிரிக்கிறார்கள், வாத்தியாரும்தான். பானையை ஒருவரும் தொடவில்லை.