குமிழி வீட்டுக் கண்ணாடி

அவனைக் குமிழி என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி அவன் மனைவி, இன்னொருத்தி அக்கா. தொழிலில் இறங்கிய முதல் வாரம் ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வெயில் ஏறியதும் கண்ணாடிக்கு அம்மை போட்டது போலக் குமிழ் குமிழாகக் கிளம்பிவிட்டது. கடை முதலாளி போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி வேடிக்கை காட்டினார். பெயர் அன்று வந்தது. அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், எத்தனையோ அலுவலகம், எத்தனையோ மருத்துவமனை, அவன் கை பட்ட கண்ணாடியில் கடுகளவு குமிழ் வந்ததில்லை. இருந்தும் பெயர் மட்டும் உரிந்தபாடில்லை.

குமிழ் என்றால் அவனுக்கு அப்படியொரு ஆத்திரம். ஒருமுறை பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனவன், அந்த அறைக் கதவில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு குமிழைப் பார்த்துவிட்டான். வலியாவது ஒன்றாவது! சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தி, நகத்தால் நீவிவிட்ட பிறகுதான் நாற்காலியில் போய் வாயைத் திறந்தான்.

அவன் அதிகமாக ஒட்டுவது பால் நிற ஸ்டிக்கர். சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் தெளித்து, முதுகுத் தாளை உரித்து, ஸ்டிக்கரை ஈரத்தின் மேல் படரவிட்டு, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுவான். பட்டை போன வழியெல்லாம் கண்ணாடி பனி மூடியது போல ஆகும். அந்தப் பக்கம் இருக்கிறவர் வெறும் நிழலாகிவிடுவார். இத்தனை வருடத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே தத்துவமும் அதில்தான் இருந்தது. "மூணு அடியிலேருந்து ஆறு அடி வரைக்கும் மறைச்சுட்டா போதும், எந்த மனுஷனுக்கும் நிம்மதி வந்துரும்" என்பான். ஸ்டிக்கர் ஒட்டிய மறு நிமிடமே மேனேஜர்கள் நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றுவதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு கண்ணாடிச் சுவர் ஆறு வருடமாக மொட்டையாக நின்றது என்றால் யார் நம்புவார்கள்? அது முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு நடந்த மாடி. கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, கதவும் கண்ணாடி. அதைப் பெயர்க்கக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் நிபந்தனை. குமிழியும் மனைவியும் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு, கண்ணாடி அறையில் ஸ்டிக்கர் சுருள்களையும் ஏணியையும் போட்டு வைத்திருந்தார்கள். மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். குரலும் ஹாரனுக்குக் குறைந்ததில்லை. "ஏணிக்குத் தனி ரூம் கொடுத்து வெச்சிருக்கிற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள்.

அந்த ஏணியை வெளியேற்ற அக்கா வர வேண்டியிருந்தது.

அக்கா வேலை பார்த்ததெல்லாம் அடுத்தவர் வீடுகளில். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்குத் துணையாக அந்தந்த வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வாள். இருபத்தாறு வருடத்தில் ஒன்பது வீடு. கடைசியாகப் பார்த்துக்கொண்ட கப்பல் இன்ஜினியர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். குமிழி அன்றே ஓடிப்போய் அக்காவின் நீலப் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

"போதும்க்கா. இனிமே நீ எங்கயும் போக வேணாம். நம்ம வீட்டுல இரு."

"ஒரு மாசம் இருந்து பாக்குறேன்டா. ஏஜென்சியில வேற ஊர்ல ஒரு வீடு சொல்லியிருக்காங்க. மாசக் கடைசியில பதில் சொல்லணும்."

வந்தாள், இருந்தாள். ஆனால் இருந்தது போலவே இல்லை. பல் துலக்கி முடித்ததும் பிரஷைத் துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பாள். சீப்பை எடுக்க ஒரு 'சர்ர்', திரும்ப வைக்க ஒரு 'சர்ர்'. அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்த கண்ணாடி அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரி காலியாகக் கிடந்தது. அதில் ஒரு கைக்குட்டை கூட ஏறவில்லை. கூடத்துக்கு வந்தால் நாற்காலியின் நுனியில் உட்காருவாள். ஒவ்வொரு 'சர்ர்' கேட்கும்போதும் குமிழி செய்கிற வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கென்று மிச்சமிருந்த ரத்தம் அவள் ஒருத்திதான். அவளும் ஒரு ஜிப்பின் தூரத்தில் இருந்தாள்.

முதல் சனிக்கிழமையே ஒரு கூத்து நடந்தது. குமிழி வேலை முடிந்து படி ஏறிக்கொண்டிருந்தான். மேலே மின்சார மீட்டர் பார்க்கிற ஆள் மணியடித்தார். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"வீட்டுல யாரும் இல்லீங்க. அப்புறமா வாங்க."

சொன்னவள் முழு உருவமாக வாசலில் நிற்கிறாள்! மீட்டர்காரரும் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். குமிழி அவரைத் திரும்பக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒன்பது வீட்டு வாசலில் நின்று இருபத்தாறு வருடம் சொல்லிச் சொல்லி அவள் வாய்க்குப் பழகிப்போன சொல் அது. 'யாரும்' என்பதில் தன்னைச் சேர்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு அவன் கண்ணில் குற்றவாளியாகப் பட்டது அந்தக் கண்ணாடிதான். கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பண்டம் மாதிரி ஒரு மனுஷியை உள்ளே படுக்க வைத்தால் அவளுக்கு எப்படி அது தன் அறையாகும்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையே சோப்புத் தண்ணீரைக் கலக்கிவிட்டான். கையில் இருந்ததிலேயே நல்ல சுருளை எடுத்தான். அலுவலகங்களுக்கு மூன்று அடி முதல் ஆறு அடி. அக்காவுக்கோ தரை முதல் கூரை வரை. அவ்வளவு பாசம்!

மத்தியானத்துக்குள் சுவர் பாலாகிவிட்டது. குமிழி உள்ளே போய் நின்று பார்த்தான். தெருவில் திரும்பிய வண்டியின் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில் கூடத்து ஜன்னல் வழியாக வந்து, கண்ணாடியில் மெதுவாக நீந்தி மறைந்தது. மனைவி மஞ்சள் சட்டையில் அந்தப் பக்கம் நடந்தாள். முகமும் காலும் இல்லாமல் ஒரு மஞ்சள் மட்டும் மிதந்து போயிற்று. குரல் கூடத் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. அந்த அறைக்குள் நின்றால் விழித்துக்கொண்டே உறங்குவது போல ஒரு சுகம். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கையும் மாட்டினான்.

"எப்படிக்கா?"

அக்கா கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குடா" என்றாள். பிறகு கேட்டாள், "யாராவது வர்றாங்களா?"

ஆமாம், சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வருவதாக இருந்தது. அதை மனைவி சொல்லியிருப்பாள் என்று நினைத்து, "ஆமாக்கா" என்றான் அந்தப் புத்திசாலி.

வீட்டுக்கார அம்மா வந்தார். கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்து, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டில் விளிம்பில் ஒரு சாம்பல் நிழல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, ஆடாமல் அசையாமல். "அண்ணி, வாங்களேன்!" என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டும் நிழல் எழவில்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். உட்கார்ந்தபடி யார் தூங்குவார்கள் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

விருந்தாளியின் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்ததும் கண்ணாடிக் கதவு ஓரங்குலம் திறந்தது.

"வந்தவங்க போயிட்டாங்களா? நான் பாத்ரூமுக்குப் போயிட்டு வந்துரட்டுமா?"

குமிழிக்குச் சுருக்கென்றது. "அதுக்கு எதுக்குக்கா எங்களைக் கேக்குற?"

"இல்லடா. நான் வேலை பாத்த வீடுங்கள்ல ஆளுங்க வந்தா கதவைச் சாத்திக்கச் சொல்லுவாங்க. நீ வாயால சொல்லச் சங்கடப்பட்டு ஸ்டிக்கரே ஒட்டிட்டன்னு நெனச்சேன்." அவள் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் குமிழி பிளேடை எடுத்து ஸ்டிக்கரின் மூலையை உரிக்க ஆரம்பித்திருந்தான். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதடா! எவ்வளவு மெனக்கெட்டு ஒட்டியிருக்க!"

"அப்ப உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!"

அந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு முதல் முறையாக ஒரு கோபச் சத்தம் எழுந்தது. சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அக்காவோ கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பதிலைத் தேடி எடுக்க நேரமாயிற்று.

"எனக்கு ஒரு ஓட்டை வேணும்டா."

பஸ்காரி சிரித்தேவிட்டாள். அக்காவும் சிரித்தாள்.

"சின்னதா. படுத்துக்கிட்டே நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களான்னு பாக்கணும். இத்தனை வருஷமா ஒரு ஆளைக் கண்ணுல வெச்சுக்கிட்டேதான் தூங்கியிருக்கேன். இப்ப எதுவும் தெரியாம படுத்தா கண்ணே மூட மாட்டேங்குது."

குமிழியின் இருபத்திரண்டு வருடத் தத்துவம் அங்கேயே சரிந்தது. மறைத்தால் நிம்மதி என்பது மேனேஜர்களுக்கு. காலமெல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்தவளிடம் கொண்டுபோய் அவன் இன்னொரு கதவை ஒட்டியிருக்கிறான், அதுவும் குமிழே இல்லாமல்.

"வட்டமா வெட்டவா?" என்றான், பிளேடைத் துடைத்துக்கொண்டு.

"வட்டமா வெட்டினா டிக்கெட் கவுண்டர் மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்ஜினியர் வீட்டு ஜன்னல்ல ஒரு கொடி இருந்துச்சு. மத்தியானத்துல அவர் தூங்குவார். நான் அந்த இலைங்க நடுவுல தெருவைப் பாத்துக்கிட்டு இருப்பேன். சைக்கிள் போகும், நாய் போகும், யாராவது குடை பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. எல்லாம் இலை அளவுதான் தெரியும்."

இலை என்று முடிவாயிற்று. குமிழி பிளேடைக் காற்றைத் தொடுவது போலப் பிடித்து, கண்ணாடியில் கீறல் விழாமல், தலையணை உயரத்தில் முதல் இலையை வெட்டி எடுத்தான். அக்கா படுத்துப் பார்த்தாள். "சாப்பாட்டு மேசை தெரியுது! உப்பு டப்பா கூடத் தெரியுது!" பிறகு ஒரு வீட்டைச் சொல்லச் சொல்ல இன்னொரு வீடு வந்தது. ஒரு வீட்டு ஜன்னலில் நீளமான இலை, ஒரு வீட்டு மாடியில் இதயம் போன்ற இலை, ஒரு வீட்டில் ஜன்னலே இல்லை, திரைத் துணியில் அச்சடித்த இலை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், இவன் வெட்டிக்கொண்டே இருந்தான். இப்படி அவர்கள் உட்கார்ந்து பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று இருவருக்கும் நினைவில்லை. பால் சுவரில் ஒரு கொடி தரையிலிருந்து கிளம்பி வளைந்து ஏறியது. ஏதோ ஒரு ஹோட்டல் வேலையில் மிஞ்சிய தேன் நிறத் துண்டுகள் இருந்தன, அந்தப் பக்கம் தெரிகிற ரகம். சில இலைகளில் அவற்றை ஒட்டினான்.

"இது உன் மூஞ்சி உயரத்துக்கு. இது அவ உயரத்துக்கு" என்று அக்கா விரலால் குறித்தாள். கடைசி இலையைத் தானே ஒட்டுவேன் என்று அடம் பிடித்தாள். ஒட்டினாள். நட்ட நடுவில் மிளகளவு ஒரு குமிழ்! குமிழியின் கை தன்னால் சட்டைப் பை ஊசிக்குப் போயிற்று. அக்கா தன் இலையைப் பார்த்து மலர்ந்து நின்றதைக் கண்டதும், கையைப் பையிலேயே வைத்துக்கொண்டான். மனைவி அதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அந்த அறைக்குள் தேன் நிற இலைகள் ஊர்ந்தன. வெயில் நகர நகர அவை தரையைக் கடந்து, கட்டிலில் ஏறி, அக்காவின் பாதத்தில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுச் சுவருக்குப் போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். ஆனால் ஜிப் சத்தம் நிற்கவில்லை. ஏஜென்சிப் பேச்சையும் அவள் எடுக்கவில்லை. மாதம் முடியப் போகிறது. கேட்டால் 'போகிறேன்' என்று சொல்லிவிடுவாளோ என்று குமிழி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. மனைவி பஸ்ஸில். குமிழி அக்காவின் அறையில் விளக்கின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வாசலில் மணி அடித்தது. அவன் எழுவதற்குள் அக்கா கையை உதறிக்கொண்டு சமையலறையிலிருந்து கதவுக்குப் போய்விட்டாள். குமிழி தன் உயர இலையில் கண்ணை வைத்தான். கூடம் முழுக்கத் தேன் நிறத்தில் தெரிந்தது. கதவைத் திறந்த அக்காவின் முதுகுக்கு அப்பால் மீட்டர்காரர் நின்றார்.

"போன தடவையே திரும்பிப் போனேன். இன்னிக்காவது வீட்டுல யாராவது இருக்காங்களாம்மா?"

குமிழி இலையோடு நெற்றியை அழுத்திக்கொண்டான்.

அக்கா கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"அதான் நான் இருக்கேனே. உள்ள வாங்க."