ஈர்க்கு செருகிய காது

அப்பா என்னைப் பதுளை மிஷன் விடுதியில் கொண்டுவந்து விட்ட அன்று, நான் ஒரு பெண்மணியின் கையைக் கடித்தேன். பல் பதிந்து இரத்தம் வந்துவிட்டது. அந்தக் கைதான் பிறகு என்னை ஆளாக்கியது.

அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையான எங்கள் காம்பராவில் அப்பாவும் நானும்தான் மிச்சம். விடிவதற்குள் அவர் தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுத்தாக வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போதாததற்கு, அப்புத்தளைப் பக்கம் புதுக்காடு வெட்டப் போகும்படி கங்காணி சொல்லிவிட்டார். வேறு வழி தெரியாமல், அம்மாவின் கம்மலை என் காதில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். விடுதி வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"காதுத் தொள தூந்து போகாமப் பாத்துக்க ஆத்தா. நா வர்றப்ப நீ வளந்திருப்ப, மொகம் மாறிப்போயிருக்கும். இந்தக் கம்மல வச்சித்தான் ஒன்னய அடையாளம் பாப்பேன்."

அவர் தலை மறைந்ததும் அந்தக் கம்மலைக் கழற்றிவிட்டார்கள். விடுதியில் நகை கூடாது என்பது சட்டம். கழற்றியவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட விதவை, திருநெல்வேலிக்காரர். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவர் பட்டப்பகல் திருடியாகத் தெரிந்தார். அப்போதுதான் கடித்தேன். அவர் அடிக்கவில்லை. கம்மலை ஒரு துணியில் முடிந்து தன் பெட்டிக்குள் வைத்தார். புது விளக்குமாறு ஒன்றிலிருந்து ஈர்க்கை உருவி, சின்னதாக ஒடித்து, எண்ணெயில் தோய்த்து என் காதுத் துளையில் செருகினார்.

எனக்கு மட்டுமே அந்த உபசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தலைமுழுக்கு முடிந்ததும்தான் விஷயம் தெரிந்தது. காது குத்திய பிள்ளைகள் அத்தனை பேரும் முற்றத்தில் வரிசையாக உட்கார, பெரியம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பழைய ஈர்க்கை எடுத்துப் புதியதைச் செருகுவார். பனிக்காலத்தில் புண் வந்தால் ஈர்க்குக்குப் பதில் வேப்பங்குச்சி. இந்த வீட்டு விளக்குமாறு மட்டும் கூட்டாமலே தேய்கிறது என்று சமையல்காரி முணுமுணுப்பாள்.

பெரியம்மாவைத் தேவதை என்று சொல்ல மாட்டேன். ஜெபத்தில் தூங்கினால் தொடையில் கிள்ளுவார். அவர் ஞானப்பாட்டு பாடினால் முற்றத்துக் கோழிகள் ஓடும். ஆனால் அவர் காதை நான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பேன். பாம்படம் போட்டு வளர்த்த நீளக் காது, தோளைத் தொடுகிற மாதிரி வெறுமனே தொங்கும். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது பாம்படத்தைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டாராம்.

ஒருமுறை விடுதியைப் பார்வையிட வெள்ளைக்கார மிஸியம்மா ஒருவர் வந்தார். வரிசையாக ஈர்க்கு செருகிய காதுகளைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. இது பழைய சாமிகளைக் கும்பிட்ட காலத்து வழக்கம், உடனே நிறுத்த வேண்டும், முடியாதென்றால் விடுதிக்கு வேறு ஆளைத் தேடுவேன் என்றார். பெரியம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது என்பது எங்களுக்கே தெரியும். காது தூர்ந்துவிட்டால் அப்பா என்னைத் தெரியாமல் திரும்பிப் போய்விடுவாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"என் காதுல கிடந்தத நானே கழட்டிக் கொடுத்தேன்மா, அது என் இஷ்டம். இதுக காது இதுகளப் பெத்தவங்களது. அவங்க வந்து நின்னா நான் என்னத்தக் காட்டுவேன்?"

மிஸியம்மா தேநீர் குடிக்கப் போய்விட்டார். அடுத்த தடவை வந்தபோது எங்கள் தலைக்கு மேலேயே பார்த்துப் பேசினார். அதுவும் ஒரு பெருந்தன்மைதான்.

நான் படித்து, அதே விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்பா வரவில்லை. சிலருடைய அப்பாக்கள் வரவே மாட்டார்கள் என்று புரிகிற வயதும் வந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமைகளில் பெரியம்மாவிடம் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மத்தியானம், தடியூன்றிய கிழவர் ஒருவர் வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். அப்பாதான். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அப்பா என்று கூப்பிட்டேன். குரல் வந்த பக்கம் கையை நீட்டி என் தலையைத் தடவி, காதுக்கு வந்தார். ஈர்க்கில் விரல் பட்டதும் கை நின்றுவிட்டது.

"கம்மல் எங்க?" என்றார்.

பெரியம்மா உள்ளே போய்த் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். அப்பா கம்மலைத் திருப்பித் திருப்பித் தடவினார். மாட்டிவிடப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்களே போட்டு வுடுங்க தாயி."

நகை கூடாது என்ற சட்டத்தைக் கட்டிக்காத்த பெரியம்மா ஈர்க்கை எடுத்துவிட்டுக் கம்மலைப் போட்டுவிட்டார். கொஞ்சமும் வலிக்கவில்லை. அப்பா என் காதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, நான் கடித்த அதே கையை, பார்வை போன தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.