எந்தக் கையில் கட்டு

டம்ளரை எடுக்குமுன் அவள் அதை ஒரு நொடி உற்றுப் பார்க்கிறாள். காப்பி எவ்வளவு மிச்சம், நுரை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, மேசை விளிம்பிலிருந்து எத்தனை விரல்கடை என்பதெல்லாம் மனத்தில் பதிந்த பிறகுதான் ஒரு வாய். குடித்ததும் டம்ளர் அதே வட்டக் கறையின் மேல் உட்காரும். வீட்டில் யாராவது நாற்காலியை நகர்த்தினால், அவர்கள் எழுந்த மறுநிமிடம் அது பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"ஏன் பாப்பா, நம்ம வீட்டையுமா படம் எடுக்குறாங்க?" என்பார் அண்ணன்.

"யாரு கண்டா அண்ணே" என்பாள்.

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் நோட்டம்மா. வீட்டு வாசலில் நிற்பதை இந்த மாதமும் அதே வாசலுக்குள் நுழைவதை மூன்று மாதம் கழித்தும் எடுக்கிற தொழில் அது. நடுவில் வகிடு இடம் மாறிவிடும், சட்டைப் பித்தான் பூட்டிக்கொள்ளும், பாதி எரிந்த மெழுகுவத்தி முழுசாக வளர்ந்துவிடும். போட்டோ எடுத்தால் கழுவி வர நான்கு நாள் ஆன காலம். ஆகையால் எல்லாவற்றையும் பார்த்து எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. தப்பினால் ஊரே பார்க்கும்.

அண்ணன் அங்கேயே செட் போடும் தச்சர். எந்த அறைக்கும் போகாத கதவுகளையும் எந்த மாடிக்கும் ஏறாத படிகளையும் நூல் பிடித்தாற்போல் செய்பவர். அவர் படிப்பு ஐந்தாவதோடு சரி. எட்டாவது தேறிய தங்கையின் எழுத்தைக் காட்டாமல் அவர் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை. "அச்சுல போட்ட மாதிரி இருக்கும், பாருங்க" என்று நோட்டை நீட்டுவார். மேக்கப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடத் தப்பியதில்லை.

அவள் பேனாவில்தான் எழுதுவாள். அழித்து எழுத இடம் தரும் பென்சில் அவளுக்கு ஆகாது. அதற்கு ஒரு சோதனை, ஒரு நாள் முற்பகலில் வந்தது.

கதைப்படி, நாயகன் அடிபட்ட கையில் கட்டோடு அம்மாவைப் பார்க்க வருகிறான். வாசல்வரை வந்ததை முன்பே எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு உள்ளே நுழைவது. பெரிய நடிகர் மேக்கப்காரரிடம் இடது கையை நீட்டினார். நீட்டிய கையில் கட்டு ஏறியது.

"சார், கட்டு வலது கையில இருந்துச்சு" என்றாள் நோட்டம்மா.

நடிகர் கோபப்படவில்லை. சிரித்தார். "அடிபட்டது எனக்கும்மா. எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?"

அடியே படாத கைக்கு அவ்வளவு உரிமை. இயக்குநர் நோட்டைப் பார்த்தார், நடிகரைப் பார்த்தார், கடைசியில் விளக்கைப் பார்த்து, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அதோடு போயிருக்கலாம். மேனேஜருக்கு மனசு ஆறவில்லை. சாரின் ஞாபகத்துக்கு எதிர்ச்சாட்சி ஒன்று எழுத்தில் இருப்பது நல்லதில்லையே. "நோட்டைத் திருத்திடும்மா. வலதை அடிச்சுட்டு இடதுன்னு போடு."

"அன்னிக்கு நடந்ததை இன்னிக்கு எப்படி சார் மாத்துறது?"

"அப்ப நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்து எழுது."

ஏணிமேல் நின்ற அண்ணனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. உதடுகளுக்கிடையில் ஆணிகளைக் கவ்வியிருந்தார். கவ்வியபடியே சுத்தியலை ஓங்கினார்.

அவளோ கிளம்பவில்லை. வேலை போனது நாளைக்குத்தானே என்று அந்தக் காட்சி முடியும்வரை நின்று, எழுதவேண்டியதை எழுதி, நோட்டை இயக்குநரின் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வாயில ஆணி இருந்துச்சு பாப்பா."

"தெரியும் அண்ணே. நாலு ஆணி."

அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை.

ஒன்பது நாள் அவள் வீட்டில் இருந்தாள். வீட்டுச் சாமான்களெல்லாம் அசைய அஞ்சிய ஒன்பது நாள். பத்தாம் நாள் ஸ்டுடியோ கார் வாசலில் நின்றது. படத்தொகுப்பாளர் துண்டுகளை ஒட்டிப் பார்த்திருக்கிறார். வலது கையில் கட்டோடு வாசலுக்கு வந்தவன், உள்ளே நுழைவதற்குள் இடது கைக்கு மாற்றிக் கட்டியிருக்கிறான். மறுபடி எடுக்க நடிகர் ஊரில் இல்லை.

"எப்படிம்மா விட்டே?" என்றார் மேனேஜர், அவள் ஸ்டுடியோவில் வந்து இறங்கியதும், கூசாமல்.

அவள் மேசைமேல் கிடந்த தன் நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கம், அவள் வேலை போன பிறகு எழுதிய பக்கம். 'கட்டு இடது கையில். வலது கை கடைசிவரை பான்ட் பைக்குள்.' ஒரு கையைப் பைக்குள் விட்டபடி வருவது நடிகரின் புகழ்பெற்ற நடை; வாசல் காட்சியின் பக்கத்தில் பைக்குள் இருந்தது இடது கை.

"அம்மாவா நடிக்கிறவங்க முகத்தை இன்னும் எடுக்கலியே சார்" என்றாள் இயக்குநரிடம். "அவங்க ஒரு வார்த்தை சேத்துச் சொன்னாப் போதும். 'ஒளிச்சு வச்சிருக்கியே, அந்தக் கையையும் காட்டுப்பா.' ரெண்டு கையிலும் அடி, அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒண்ணை மறைக்கிறான்."

இயக்குநர் நோட்டை வாங்கி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு கேமராவை எடுத்துவரச் சொன்னார்.

தியேட்டரில் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சாதவர் இல்லை. வலியை மறைக்கக் கையைப் பைக்குள் விட்ட நுட்பம் எப்படித் தோன்றியது என்று பத்திரிகைக்காரர்கள் நடிகரைக் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, "அது தானா வரணும்" என்றார். அண்ணன் அந்தப் பத்திரிகையை வாங்கிவந்து, தங்கை பார்க்கும்படி அதிலிருந்த நடிகரின் முகத்தின்மேல் ஆணி டப்பாவை வைத்தார்.

அடுத்த படத்தின் இரண்டாம் கட்டப் படப்பிடிப்பு. மேக்கப் முடிந்து, கைக்கடிகாரத்தை மட்டும் இன்னும் கட்டாமல் வந்த பெரிய நடிகர் இயக்குநரைத் தாண்டி, மேனேஜரைத் தாண்டி, மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் வந்து நின்றார். ஒரு கையை நீட்டினார். அவள் நிமிராமல் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏணியில் சுத்தியல் சத்தம் நின்றது. அவர் கொஞ்சம் யோசித்து, மற்றக் கையையும் நீட்டினார்.