ஆறு ஜாடிக் கோழிக்கறி

யாங்கோனின் தாகேதா வட்டாரத்தில் எனக்கு அடுத்த வீடு கமலாட்சி அக்கா. பள்ளிக்கூட வாசலில் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்றுப் பிழைப்பவர். ஒரே மகன் சுந்தர். போன வருடம் எங்கள் வட்டாரத்தில் சீட்டுக் குலுக்கிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயர் விழுந்தது. அவனை மலைக்காட்டில் எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

"அம்மா, இங்க நெருப்பு மூட்டக் கூடாது. புகையப் பாத்தா எதிராளிங்க குண்டு போட்டுருவாங்க. காஞ்ச சோறுதான்" என்று ஒருமுறை போனில் சொன்னான். அந்தப் பக்கம் லாரி ஓட்டும் முஜிபுர் ரஹ்மான் சாமான் கொண்டுபோகச் சம்மதித்தார். பாதையை மூடப்போகிறார்களாம், இதுதான் கடைசி நடை என்றார்.

அக்கா லத்தா கடைத்தெருவில் அலைந்து, அழுத்தம் காட்டும் முள்மீட்டர் வைத்த கனத்த மூடிப்பானை ஒன்றை வாங்கி வந்தார். கறியைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அதற்குள் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் முள் பதினொன்றில் எழுபத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். நடுவில் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. இல்லையென்றால் நாள்பட உள்ளே விஷம் ஊறும். வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது; மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் போகும்.

விறகடுப்பில் அந்த முள்ளை ஒரே இடத்தில் நிறுத்துவது லேசுப்பட்ட வேலையா? ஒரு சுள்ளி கூடினால் ஏறும், குறைந்தால் விழும். அன்று காலையிலிருந்து அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை. ஐம்பது நிமிடம் தாண்டியபோது தெருவே "மீ லாப்பி!" என்று கத்தியது. இரண்டு நாளாக இல்லாத கரண்ட் வந்துவிட்டது. பாழாய்ப்போன நானும் எட்டிப் பார்த்து, "அக்கா, மீ வந்துருச்சு! மோட்டரப் போடுங்க, போயிரப் போவுது!" என்றேன். யாங்கோனில் கரண்ட் வந்தால் கால் தானாக ஓடும். அக்காவும் ஓடினார். மோட்டார் சண்டித்தனம் செய்தது. தண்ணீர் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது முள் ஆறில் கிடந்தது.

மணி பத்தே முக்கால். லாரி பன்னிரண்டுக்கு. முள் மறுபடி பதினொன்றுக்கு ஏறவே அரை மணி ஆகும். "காத்திருக்க முடியாதும்மா, இருட்டுக்கு முன்னாடி செக்போஸ்ட்ட தாண்டணும்" என்றார் முஜிபுர் ரஹ்மான்.

"அனுப்புங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன் நான்.

"அவன் சுட வச்சுத் திங்க முடியாது மஞ்சுளா. என் கையாலேயே விஷத்தக் குடுக்கச் சொல்றியா?"

இரண்டு சட்டையும் பிஸ்கட்டும் மட்டும் லாரியில் போயின. ஜாடிகள் அலமாரியில் நின்றன. சொன்னபடியே பாதை மூடிற்று. சுந்தரிடமிருந்து போனும் நின்றது.

ஒன்றரை மாதம் கழித்து, என்னிடம்கூடச் சொல்லாமல், அக்கா ஒரு ஜாடியைத் திறந்து கறியைச் சூடாக்காமல் தின்றிருக்கிறார். தெரிந்ததும் திட்டித் தீர்த்துவிட்டு நான்கு நாள் அவர் கூடவே கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்ன வயிற்றுவலிகூட வரவில்லையே, அவனுக்கே அனுப்பியிருக்கலாமே என்று அக்கா தேம்பித் தேம்பி அழுதார்.