பென்சிலில் எழுதிய சீட்டுகள்

என் கையெழுத்து அழகாக இருந்துவிட்டது. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

நாலாம் வகுப்பில் அதற்காக எனக்கு ஒரு மைப்பேனா பரிசாகக் கிடைத்தது. வாய் திறந்து பேசத் தெரியாத எனக்கு ஊர் கைதட்டியது அந்த ஒருமுறைதான். அந்தப் பேனாவால் எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

உம்மாவின் தங்கையை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் படகில் எறணாகுளம் போய் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நண்டு, நத்தை, சிப்பி, கடல்புழு என்று கொச்சிக் கரையோரத்தில் வாழும் முதுகெலும்பில்லாத உயிர்களையெல்லாம் பட்டியல் எடுப்பது அவள் வேலை. எது இருக்கிறது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் அதில் வர வேண்டும். பட்டியல் முடிந்தால் கல்லூரியிலேயே வேலை என்று பேராசிரியை சொல்லியிருந்தார். வாப்பா பாலக்காட்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பெண் வேலைக்குப் போவது அந்த வீட்டில் வழக்கமில்லை. நோன்பு தொடங்கும்வரை பொறுக்கிறேன், அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நிக்காஹ் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே அவளுடைய புட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு ஓர் உயிர்.

"ஓதுற வீட்டுக்குள்ள சாராய நாத்தம். இந்தப் புழுவெல்லாம் எதுக்குடி? தின்னவா, விக்கவா?" என்பாள் உம்மா.

"தின்னத்தான் லாத்தா. இன்னைக்கு ஒங்க சோத்துலதான்" என்பாள் சாச்சி.

படகு ஜெட்டியில் நிற்கும் சேட்டன்மாரும் விடமாட்டார்கள். "டீச்சரே, இன்னு புழு கிட்டியோ?" என்று சத்தம் போடுவார்கள். அவள் பையை உயர்த்திக் காட்டிவிட்டு நடப்பாள்.

புட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு மிதக்கும். எடுத்த இடம், நாள், பாறையா சேறா, நீர் ஏறும் நேரமா வற்றும் நேரமா என்று பாறைமேல் குந்தி உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கியது. அதையெல்லாம் ஒரு நோட்டில் ஒழுங்காக எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள்.

நான் உதவி செய்ய நினைத்தேன். ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, அசிங்கமாகச் சுருண்டிருந்த சீட்டுகளை எடுத்து, வெள்ளைத் தாளில் என் பேனாவால் அழகாகப் பெயர்த்து எழுதினேன். மை காய்ந்ததும் புதிய சீட்டுகளை உள்ளே போட்டு மூடினேன். பழையவற்றை அடுப்பில் போட்டேன். அவள் எழுந்து பார்த்து என்ன சொல்வாளோ என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் புட்டிகள் எல்லாம் லேசான நீலநிறத்தில் இருந்தன. சீட்டுகளில் ஓர் எழுத்துகூட இல்லை.

சாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு இன்னொன்று. அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேரெல்லாம் எப்ப வேணா கண்டுபிடிச்சிரலாம் மோளே. எடத்த எங்க போய்க் கண்டுபிடிக்க?" என்றாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சாச்சி" என்றேன். சில நிஜமாகவே ஞாபகம் இருந்தன. அவள் பென்சிலும் நோட்டும் எடுத்து உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஞாபகம் இல்லாதவற்றுக்கும் நானே இடம் கொடுத்தேன். அவ்வளவு சரளமாக அதற்கு முன்பும் பின்பும் நான் பேசியதில்லை.

"இந்தச் சின்ன நட்சத்திரமீன்?"

"சீனவலை கட்டுற மரக்கால்ல. நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் பென்சில் நின்றது. பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்தாள். "இது வைப்பின் தீவுக் கல்லு மேல எடுத்தது. வழுக்கி விழுந்தேனே, அன்னைக்கு." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு ரப்பரை எடுத்து, நான் சொன்ன எல்லாவற்றையும், நிஜமாக ஞாபகம் இருந்தவற்றையும் சேர்த்து, மேலிருந்து கீழே அழித்தாள்.

"நீங்க ஏதாவது ஒரு எடத்த எழுதிக் குடுத்தா யாருக்கு சாச்சி தெரியும்?" என்று கேட்டேன். அவள் ரப்பர் தூளை ஊதிவிட்டு நோட்டை மூடினாள். பேராசிரியையிடமும் அவள் என் பெயரை எடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

நோன்பு தொடங்க இரண்டு நாள் இருந்தபோது புட்டிகளைக் கூடையில் வைத்து ஜெட்டிக்குக் கொண்டுபோனாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புட்டியாகத் திறந்து உள்ளே இருந்ததைக் கடலில் கொட்டினாள். சேட்டன்மார் யாரும் சத்தம் போடவில்லை.

"எல்லாத்தையும் ஏன் சாச்சி இங்கயே போடுறீங்க?"

"எது எந்த எடத்துலேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா, அங்கங்க கொண்டுபோய் விட்டிருவேனே" என்றாள்.

செத்த நண்டைப் படகேற்றி அதன் வீட்டில் இறக்கிவிடுவது போல எனக்குத் தோன்றியது. அவள் வேடிக்கை பேசுகிறாள், கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன்.