கடையை மூடச் சொன்ன கூட்டம்

எங்கள் ஊர் வாசிகசாலையில் அன்று நடந்த கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தெல்லிப்பழையில் எங்கள் வீட்டு முன்னறையில் மாமா நாலு கம்பியூட்டர்களை வைத்து விளையாட்டுக் கடை நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டதும் பொடியன்கள் சைக்கிள்களை மதிலில் சாத்திவிட்டு ஓடி வருவார்கள். காரோட்டமும் பந்தாட்டமும் இருந்தாலும் எல்லோருக்கும் சுடுகிற விளையாட்டுத்தான் வேண்டும். எனக்கும்தான். குறி பார்ப்பதில் என்னை வெல்ல எங்கள் தெருவில் ஆளில்லை.

அந்த நாட்களில் சந்தியில் ஒரு கடைக்காரரை யாரோ வாளால் வெட்டிவிட்டுப் போனார்கள். முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். அவர்களைப் பிடிப்பது கஷ்டம். மாமாவைப் பிடிப்பது சுகம். கூட்டம் கூட்டினார்கள்.

“உந்த விளையாட்டுகளிலைதான் பொடியள் வெட்டுக்குத்துப் பழகுதுகள். கடையை மூடவேணும்” என்றார் வாசிகசாலைத் தலைவர்.

மாமா எழுந்து நின்றார். “இனிச் சின்னதுகளுக்குச் சுடுற விளையாட்டுக் குடுக்க மாட்டன், ஐயா. வயதைப் பாத்துத்தான் விடுவன். மூடச் சொல்லாதேங்கோ.”

நியாயமான பேச்சு. ஒருவரும் காதில் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, என்னோடு படித்த ஒருவனை அவனுடைய தகப்பன் சபை நடுவே இழுத்து வந்தார். இடுப்புப் பட்டியைக் கழற்றினார்.

“சண்டை விளையாட்டு விளையாடுவியோ? இனி விளையாடுவியோ?”

கேள்விக்கு ஓர் அடி. அவன் காலில் கோடு கோடாகத் தடித்தது. அடிதடியை ஒழிக்கவென்று கூடியிருந்த பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, இவர் எந்த விளையாட்டிலை இந்த அடியைப் பழகினவர்?” என்று கத்தினேன்.

தலைவர் என்னைக் கைகாட்டினார். “பாருங்கோ, பொம்பிளைப் பிள்ளைக்கு உவ்வளவு வாய்! உதுவும் அந்தக் கடையிலை வளந்ததுதானே?”

கடையை மூட என் வாயே கடைசிச் சாட்சியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமா வயர்களைக் கழற்றத் தொடங்கினார். அம்மா கதவடியில் நின்று பார்த்தார்.

“மூடுறது நல்லதுதான்” என்றார்.

எனக்குக் கொதித்தது. “நீங்களும் அவையின்ரை பக்கமோ?”

“எனக்கு அந்தச் சுடுற சத்தம் ஏலாது, பிள்ளை.”

“அது பொய்ச் சத்தம்தானே, அம்மா!”

மாமாவின் கை நின்றுவிட்டது. “அக்கா, ஏன் முந்தியே சொல்லேல்லை?”

“ஆர் கேட்டது?”

மாமா அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முன்னறையை எடுக்கும்போது அம்மாவிடம் கேட்கவில்லையாக்கும், அதற்காகவா ஒரு பெரிய மனிதரை அழவைப்பது என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரம். சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்தேன்.

பல வருடங்களின் பின் மாமா சொன்னார். யுத்தம் நடந்தபோது வன்னியில், பதுங்குகுழிக்குள், பால்குடி மறவாத என்னை மடியில் போட்டு, ஷெல் விழுகிற ஒவ்வொரு முறையும் என் இரண்டு காதுகளையும் அம்மா இறுகப் பொத்திக்கொண்டாராம். தன் காதுகளைப் பொத்த அவருக்கு வேறு கை இருக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வெறும் விளையாட்டாகக் கேட்டதே அந்தக் கைகளால்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது.