கீழவீட்டுக் கால், மேலவீட்டு ஒவ்வாமை

முதலில் வெறும் அரிப்புதான் இருந்தது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கிருக்கும் முந்திரிக் கொல்லையில், காய்ந்த சுள்ளி ஒன்று இடது கணுக்காலைக் கிழித்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் விடுமுறை நாளில் விவசாயி ஆனால் இப்படித்தான் என்று என் மனைவி இந்திரா சொன்னாள். கொஞ்சம் மஞ்சளை வைத்தேன், அத்தோடு மறந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும் சேர்த்து மறந்தேன்.

அடுத்த சில நாட்களில் குளிர்காய்ச்சல் வந்தது. கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. உள்ளூர் மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. செருப்பு நுழையாமல் போன அன்று என் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏறு தம்பி. இனி ஒன் பேச்சக் கேட்டா காலு மிஞ்சாது."

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே அப்போதுதான் காகிதக் கோப்புகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். இனி நீங்கள் எந்தக் கோப்பையும் சுமக்க வேண்டாம் என்று வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். காகிதக் காலத்தைப் புகழ நான் வரவில்லை. என் சர்க்கரைக் கோப்பை அதே மருத்துவமனையில் ஒருமுறை கரையான் தின்றிருக்கிறது.

பதிவு மேசையில் சங்கீதா என்ற பெண் உட்கார்ந்திருந்தார்.

"பேஷன்ட் பேரு?"

"சு. அடைக்கலம்" என்றார் அண்ணன்.

"கூட வந்திருக்க உங்க பேரு?"

"சு. அடைக்கலம்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "சார், பேஷன்ட் பேர எழுதிட்டேன். இப்ப உங்க பேரத்தான் கேக்குறேன்."

"அதத்தான் ஆத்தா சொல்றேன். அவன் பேரும் அதுதான், எம் பேரும் அதுதான்."

இதை விளக்கிவிடுகிறேன். எங்கள் தாத்தாவின் பெயர் அடைக்கலம். எங்கள் வீட்டில் தலைப்பிள்ளைக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்காத மகன் கிடையாது. பெரியப்பா சுப்பையா தன் மூத்த மகனுக்கு, அதாவது இந்த அண்ணனுக்கு, வைத்தார். என் அப்பா சுந்தரம் எனக்கு வைத்தார். முதலெழுத்தும் ஒன்றாகிப் போனது. ஒரே ஊர், ஒரே தெரு. ஊரில் ஒருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. அவர் மேலவீட்டு அடைக்கலம், நான் கீழவீட்டு அடைக்கலம். தபால்காரருக்குக்கூட இது தெரியும்.

"போன் நம்பர்?"

ஓடியாடுகிறவர் அண்ணன் என்பதால் அவர் தன் எண்ணையே கொடுத்தார். எண்ணைத் தட்டியதும் சங்கீதாவின் முகம் மலர்ந்தது. "ஏற்கெனவே இங்க பாத்திருக்கீங்களே! பேரு, ஊரு, நம்பர் எல்லாம் சரியா இருக்கு" என்று ஒரு சொடுக்குச் சொடுக்கினார். நான் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக அப்புறம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வார்டில் மருத்துவர் ஒரு தள்ளுவண்டிக் கணினியோடு வந்தார். இளம்வயதுப் பெண், பொறுமையானவர். காலை அழுத்திப் பார்த்து, இது செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் உள்ள சதையில் கிருமி பரவுவது) என்றார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதைச் சுற்றிச் செவிலியரைப் பேனாவால் கோடு போடச் சொன்னார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் மருந்து கேட்கிறது, மேலே ஏறினால் கேட்கவில்லை. இவ்வளவு எளிமையாக ஒரு நோயைப் புரியவைத்த மருத்துவரை நான் பார்த்ததில்லை.

பிறகு திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"உங்களுக்குப் பென்சிலின் அலர்ஜின்னு இருக்கே. ரொம்ப மோசமா வந்திருக்கு போல. மூச்சு நின்னு, ஐசியூல இருந்திருக்கீங்க."

"எனக்கு இல்லைங்க டாக்டர். அது எங்கண்ணன்."

அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "நாந்தாங்க அது. தொண்டைப் புண்ணுக்கு ஊசி போட்டாங்க. மூஞ்சியெல்லாம் வீங்கி, இங்கதான் கொண்டாந்து உசுரக் காப்பாத்துனாங்க."

மருத்துவர் எங்கள் இருவரையும் நம்பினார். நான் பட்ட எரிச்சலுக்கெல்லாம் மூலம் அதுதான். அந்த மருத்துவமனையில் எங்களை நம்பாத மனிதர் ஒருவர்கூட இல்லை. கணினிதான் நம்பவில்லை. அவர் மருந்தின் பெயரைத் தட்டினால் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்து வந்து மறித்தது. அதைத் தாண்டினாலும் கீழே மருந்தகத்தில் மறுபடியும் மறித்தது. சோதனை ஊசி (கையில் துளி மருந்து ஏற்றி ஒவ்வாமை உண்டா என்று பார்ப்பது) போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். போடலாம்தான், அதற்கும் மருந்து வர வேண்டுமே என்றார்.

"பதிவத் திருத்தச் சொல்லிருக்கேன் சார். அதுவரைக்கும் வேற மருந்து போடுறேன்."

வேறு மருந்து ஏறியது. மறுநாள் காலை சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி முழங்காலைப் பார்த்து நடந்திருந்தது. செவிலியர் இன்னொரு கோடு போட்டார்.

அண்ணன் பதிவு மேசைக்கும் வார்டுக்கும் நடையாய் நடந்தார். திருத்தும் அனுமதி தன்னிடம் இல்லை, சென்னையில் மென்பொருள் கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறது என்று சங்கீதா சொன்னார். சென்னையில் கேட்டால், நோயாளி விவரத்தை மருத்துவமனைதான் உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். மருத்துவமனையிலோ, அது கம்பெனி வேலை என்றார்கள். பழைய கோப்புகளை மாதக்கணக்காகத் தட்டித் தட்டிச் சங்கீதாவின் கண்கள் சிவந்திருந்தன. அந்தப் பெண்மேல் கோபப்படவும் முடியவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் படுத்திருப்பது காய்ச்சலைவிடக் கொடுமை.

மருத்துவரே பொறுமை இழந்து, வெள்ளைத் தாளில் மருந்தை எழுதி, வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னார். அண்ணன் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். செவிலியர் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். "கம்ப்யூட்டர்ல ஏறாத மருந்த நான் போட முடியாதுங்க. போட்டா எப்பப் போட்டேன்னு எங்கிட்டு எழுதுவேன்?"

மருந்து என் தலைமாட்டில் இருந்தது. கிருமி என் காலில் இருந்தது. நடுவில் ஒரு கட்டம்.

அன்று மாலை மருத்துவர் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசும் மருத்துவரைக் கண்டால் எனக்குப் பயம். "நாளைக்கும் ஏறுச்சுன்னா கீறித்தான் விடணும் சார். விரல் போகலாம். அதுக்கு மேலயும் போகலாம். உங்களுக்கு வேற சுகர் இருக்கு."

இந்திரா வெளியே போய் நின்றுகொண்டாள். நான் காலைப் பார்த்தேன். வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவன் நான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கரும்பலகையைப் பார்க்கும் என்னை நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி, என் கால் வேண்டுமா உங்கள் கட்டம் வேண்டுமா என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக மாணவர்கள் அல்லாதவர்களைத் திட்டினேன்.

கத்தினால்தான் வேலை நடக்கும் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். சென்னையிலிருந்து யாரோ அனுமதி கொடுத்தார்கள். சங்கீதா மேலே வந்து, என்னிடமே கேட்டு உறுதிசெய்தார். "பென்சிலின் அலர்ஜி இல்லைதானே சார்?" இல்லை, இல்லவே இல்லை என்றேன். கட்டம் மறைந்தது. சோதனை ஊசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மருந்து ஏறியது.

அடுத்து வந்த காலைகளில் சிவப்பு ஒரு கோட்டை விட்டு இறங்கியது, பிறகு இன்னொன்றை. தோல் சுருங்கி உரியத் தொடங்கியது. சுருங்கும் தோலைப் பார்த்து மனிதன் இவ்வளவு மகிழ முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்திரா என் காலைப் படமெடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

அப்போதுதான் அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பல்லு ரெண்டு நாளா குடையுது தம்பி. எப்படியும் இங்கதான் கெடக்கோம். கீழ பல்லு டாக்டர்ட்டக் காட்டிட்டு வாரேன்."

"போய்ட்டு வாங்கண்ணே. ஊசி, மாத்திரைன்னா பென்சிலின் ஆகாதுன்னு சொல்லிருங்க."

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே! இனிமே எதையும் சுமந்துக்கிட்டு வர வேண்டாம்னு பலகையே வச்சிருக்கான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன். இந்திரா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகுதான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

இருவருக்கும் இருந்தது ஒரே பதிவு. அதிலிருந்த ஒவ்வாமையை நான்தான் கத்திக் கத்தி எடுக்கவைத்தேன். என் பதிவிலிருந்து எடுத்தது அவர் பதிவிலிருந்தும் போயிருக்கும். அவர் உயிரைக் காக்க எழுதிவைத்த அந்த ஒரு வரி இப்போது எங்கேயும் இல்லை.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். என் தலைமாட்டிலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊன்றினேன். தொங்கும் பாட்டிலோடு கம்பியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். செவிலியர் "சார், சார்" என்று பின்னாலேயே வந்தார். லிஃப்டுக்குள் நிற்கும்போது கால் நெருப்பாக எரிந்தது, ஆனால் அந்த எரிச்சல் வேறு யாருடைய காலிலோ நடப்பதுபோல இருந்தது.

கீழே மருந்தகத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். தூரத்தில் அண்ணன் தெரிந்தார். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் மாத்திரை.

"அண்ணே!"

கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பினார்கள். யாருக்குத்தான் தம்பி இல்லை? அவர் மட்டும் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கை வாய்க்குப் போனது.

பிறந்ததிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் பக்கம் மூத்தவரை அப்படி அழைக்கும் வழக்கமில்லை. அழைத்தால் அறைதான் விழும்.

"அடைக்கலம்!" என்று கத்தினேன். என் பெயரையே, தொண்டை கிழிய.

அவர் கை நின்றது. திரும்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் எவன் என்ற கோபம் முதலில் அவர் முகத்தில் இருந்தது. அதற்குள் நான் போய் அந்த மாத்திரையைத் தட்டிவிட்டேன். மருந்தகத்துப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஆமாம், பென்சிலின் வகைதான் என்றார். அண்ணன் என் கம்பியைத் தான் பிடித்துக்கொண்டு, என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். நான் அழுதேன்.

இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"சார், முந்தாநாள் நீங்கதானே அலர்ஜி இல்லைன்னு சண்ட போட்டீங்க?" என்றார் சங்கீதா. "இப்ப இருக்குங்கறீங்க."

"எனக்கு இல்லைம்மா. இவருக்கு இருக்கு."

"இவரு யாரு?"

"அடைக்கலம்."

"நீங்க?"

அண்ணன் பல்வலியோடு சிரிக்க ஆரம்பித்தார். சங்கீதாவும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சென்னையைக் கூப்பிட்டார். ஒருவழியாக எங்களை இரண்டு மனிதர்களாகப் பிரித்தார்கள். இருவருக்கும் வெவ்வேறு எண். வேறு பெயர் எழுதும் இடம் ஒன்று திரையில் சும்மா கிடந்தது. அதில் ஒருவருக்கு மேலவீடு, ஒருவருக்குக் கீழவீடு என்று அந்தப் பெண்ணே தட்டினார். என் மணிக்கட்டுப் பட்டையிலும் அப்படியே அச்சாகி வந்தது.

இதே வார்டுகளில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கணினி வரட்டும், நல்லதுதான். கரையான் தின்னாது. ஆனால் அதில் இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். திரையில் இருப்பதை உங்கள் எதிரில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிடம் ஆகும், முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் கணுக்காலில் இன்னும் கருப்பாக ஒரு பட்டை இருக்கிறது. பேனாக் கோடுகள் அழிந்துவிட்டன, ஆனால் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று விரலால் தொட்டுக் காட்ட என்னால் முடியும். காலையில் எழுந்ததும் கிழமையைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிறேன். ஒரு நாள் என்பது இப்போது எனக்கு, கோடு ஏறாமல் கழிந்த நேரம்.

போன மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வேறு மருத்துவமனை, அங்கேயும் புதுக் கணினி. பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள்.

"எனக்கு இல்லைம்மா. எங்கண்ணனுக்குப் பென்சிலின் ஆகாது."

"அவரு வந்திருக்காரா சார்?"

"வரலை. இருந்தாலும் எழுதிக்கங்க."